பஞ்சாங்கத்தில் இல்லாத நாள்

அக்டோபர் முப்பத்தொன்று.
தினசரித் தாளில் ராகு காலம், குளிகை,
சூலம், பரிகாரம் வெல்லம், எல்லாம் இருந்தது.
ஹாலோவீன் இல்லை.
அதனால்தான் துணிந்தேன்.

வருடம் திரும்பும்வரை பொங்கல் கிடையாது,
தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது,
கோயில் படி மிதிக்கக் கூடாது என்று
ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுப் போனவர்கள்
பேய் வேஷம் கட்டி வரும் பிள்ளைகளுக்கு
மிட்டாய் கொடுக்கலாமா என்று
ஒன்றும் சொல்லவில்லை.

செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடை.
ஸ்டூல் மேல் ஏறி
ஜாடி ஜாடியாக இறக்கினார் கடைக்காரர்.
கடலை மிட்டாய் ஆகாது,
பி பிளாக் நிதர்சனுக்கு வேர்க்கடலை பட்டாலே உதடு வீங்கும்.
தேன் மிட்டாய் விரலில் ஒட்டும்,
விரல் லிஃப்ட் பட்டனில் ஒட்டும்,
மறுநாள் செயலாளர் சர்க்குலர் ஒட்டுவார்.
சூட மிட்டாய்?
பேரிலேயே சூடம்.

"எள்ளுருண்டை எடுத்துக்கங்க, காலைலதான் வந்துச்சு."
வேண்டாம்.
"உடம்புக்கு நல்லதுங்க."
இந்த வருசத்துக்கு எள்ளு போதுங்கண்ணா.

என் நெற்றியைப் பார்த்தார், கையைப் பார்த்தார்,
யாருக்கு என்று கேட்கவில்லை.
ஜாடியை மேலே ஏற்றிவிட்டு வந்து
நான் கேட்ட அரைக் கிலோ புளி மிட்டாயின் மேல்
எடை போடாமல் இன்னொரு கை அள்ளிப் போட்டார்.

புளி மிட்டாய் மாதேசுவின் யோசனை.
போன வருடம் வாங்கி வந்தான்.
ஊரே சாக்லேட் கொடுக்குது, இது என்னடா என்றேன்.
"பயந்த புள்ளைக்கு இனிப்பு குடுத்தா
பயம் மறந்துடும்க்கா.
புளிப்பு குடுத்துப் பாரு,
மூஞ்சி அப்படியே நிக்கும்."
என் புதுப் படுக்கை விரிப்பில் இரண்டு ஓட்டை வெட்டி
கதவுக்குப் பின்னால் நின்றான்.
அன்றைக்குப் பிள்ளைகள் அலறிய அலறல்
அஸ்தம்பட்டி ரவுண்டானாவரை கேட்டிருக்கும்.

அந்த விரிப்பு பீரோவில் இருக்கிறது.
துவைத்தேன். தைக்கவில்லை.

மாலை ஐந்தரைக்கு வாட்ஸப் குழுவில்:
குட்டீஸ், 304க்கு மட்டும் போக வேண்டாம்,
அங்கே துக்கம்.
கீழே கைகூப்பிய படம் பதினொன்று.
அதே குழுவில்தான் நானும் இருக்கிறேன்.

இருந்தாலும் வாசல் விளக்கைப் போட்டேன்.
தட்டில் மிட்டாயைப் பரப்பினேன்,
அள்ளிக் கிண்ணத்தில் போட்டேன்,
மறுபடி தட்டில்.
பால்கனியிலிருந்து பார்த்தால் ஏற்காட்டுப் பாதை.
வளைவுக்கு வளைவு அணைந்து முளைத்து
ஏறுகிறது ஏதோ ஒரு வண்டி.
ஏழாவது வளைவில் எண்ணிக்கை தப்பிவிட்டது.

ஏழு மணிக்கு வந்தார்கள்.
எலும்புக்கூடு, சூனியக்காரி, ரெண்டு மம்மி,
வாயில் ரத்தம் ஒழுக ஒரு பல் டாக்டர்.
301இல் மணி.
302இல் கூச்சல்.
303இல் செல்ஃபி.
அப்புறம் உஸ்ஸென்று ஒரு சத்தம்,
உதட்டில் விரல் வைத்து
அடிமேல் அடி வைத்து
என் வாசலைத் தாண்டிப் போயின பேய்கள்.

கதவின் துளையில் கண் வைத்திருந்தேன்.
சிரிப்பு வந்த மாதிரிதான் இருந்தது.

எட்டரை.
மணி அடிக்கவில்லை, எட்டாது போல,
கதவைத் தட்டியது கீழ்ப்பக்கம்.
கறுப்புக் குப்பைப் பையில் தலை நுழைத்து
ஐந்து வயது வவ்வால் ஒன்று.
"பேய் இருக்கா?"
எந்தப் பேய்?
"கதவுக்குப் பின்னாடி நிக்குமே, அது."

நான் நகர்ந்துகொண்டேன்.
அவளே கதவை இழுத்துப் பார்த்தாள்.
ஒரு குடை.
ஆணியில் ஸ்டீல் பிளான்ட் மஞ்சள் ஹெல்மெட்.
"டூட்டிக்குப் போயிருச்சா?"
ம். நைட் ஷிப்ட்டு.
"எப்ப வரும்?"

தட்டை நீட்டினேன்.
பெரியதாகப் பார்த்து ஒன்றை எடுத்து
காகிதத்தைப் பல்லால் உரித்து வாயில் போட்டாள்.
ஒரு கண் மூடிக்கொண்டது,
மூக்கு சுருங்கி, தோள் ரெண்டும் காதுக்கு ஏறி
அப்படியே நின்றது முகம்.

"இன்னொண்ணு" என்றாள்
கண்ணைத் திறக்காமலே.